ஒரகடத்திலிருந்து கோவைக்கு வந்தால் வளர்ச்சி நின்றுவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஐந்து வருடமாகச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தில் தரப் பிரிவில் இருக்கிறீர்கள். கோவையில் நடுத்தர அளவிலான ஒரு பம்ப் கம்பெனி கூப்பிடுகிறது. சம்பளத்தில் கால் பங்கு குறையும். மனைவி சென்னையில் ஐடி வேலை பார்க்கிறார். "எந்த ஊர் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, "கோவைக்குப் போனால் அங்கேயே தேங்கிவிடுவாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். சம்பளக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்வீர்கள். தேங்கிவிடுவோமா என்ற பயத்துக்குத்தான் பதில் வேண்டும்.

என் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் எடைபோட வசதியாக இருக்கும். 1996 முதல் பன்னிரண்டு வருடம் கோவையில் இருந்தேன். முதலில் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரி, அப்புறம் பம்ப் கம்பெனி ஒன்றின் மெஷின் ஷாப். அதன்பின் சென்னை அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் பதினோரு வருடம். இப்போது சப்ளையர்களின் தரத்தைச் சீர்செய்யும் வேலை; மாதத்தில் பாதி நாள் இந்த ஊர், பாதி நாள் அந்த ஊர். ஆகவே தொழிற்சாலை சம்பந்தமாக நான் சொல்வது கண்ணால் பார்த்தது. ஐடி பற்றிச் சொல்வது உறவினர்கள் வழியாகக் காதில் விழுந்தது மட்டுமே.

இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எங்கே பிடிபட்டது என்றால், ஒருவர் வேலையை விடும்போதுதான். கோவையில் எங்கள் மெஷின் ஷாப்பில் லேத்தில் கடைசல் வேலை செய்யும் டர்னராக இருந்த ஓர் அண்ணன், ஒன்பது வருடம் வேலை பார்த்தவர், ஒருநாள் முதலாளியிடம் போய்த் தனியாகத் தொழில் பார்க்கப் போவதாகச் சொன்னார். கோபப்படுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "சரி, லேத்து எங்க எடுக்கறே?" கணபதி பகுதியில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, பழைய லேத் ஒன்றைப் போட்டார் அந்த அண்ணன். பூஜைக்கு முதலாளியே வந்து நின்றார். முதல் ஜாப் ஆர்டரும், அதாவது கூலிக்குச் செய்து தரும் வேலையும், அவர் கொடுத்ததுதான்: பம்பின் சுழல் சக்கரமான இம்பெல்லரில் துளை கடையும் வேலை. அதுவரை எங்களோடு டீ குடித்தவர் அடுத்த மாதம் முதல் எங்களுக்கு சப்ளையர். இன்றைக்கு அவரிடம் கணினியால் இயங்கும் சிஎன்சி மெஷின்களே நான்கு இருக்கின்றன. இது ஏதோ அபூர்வமான கதை இல்லை. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிட்கோ என்று பட்டறைத் தெருக்களில் நடந்து பாருங்கள், பத்துப் பட்டறைக்காரர்களிடம் பேசினால் பாதிப் பேராவது இப்படி எங்கோ மெஷினில் நின்றுவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள்.

சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் விலகுவது வேறு மாதிரி. முதலில் மெயில். பிறகு மூன்று மாத நோட்டீஸ். யார் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது என்று ஒரு தாள், லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்ததற்கு ஒரு தாள், மனிதவளப் பிரிவின் கேள்விகளுக்கு ஒரு தாள். கடைசி நாளில் கேக். அவர் போன இடத்தில் வேறொருவர் உட்காருவார், வேலை ஒருநாள் கூட நிற்காது. போனவர் வேறொரு பெரிய நிறுவனத்தில் ஒரு படி மேலே ஏறியிருப்பார். அவரிடம் யாரும் "எப்போ சொந்தமா ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்க மாட்டார்கள், "இப்போ என்ன டெசிக்னேஷன்?" என்றுதான் கேட்பார்கள். கோவையில் என் சொந்தக்காரர்கள் இன்றுவரை என்னிடம் கேட்பது முதல் கேள்வியை. ஐம்பது வயதை நெருங்கிய பிறகும் விடவில்லை.

இந்த வித்தியாசம் மனிதர்களின் குணத்தால் வந்தது என்று சொல்வார்கள். கோவைக்காரர் உழைப்பாளி, சென்னைக்காரர் விதிமுறைக்காரர் என்றெல்லாம். நான் அதை ஏற்பதில்லை. அம்பத்தூரில் பார்த்த உழைப்பை நான் எங்குமே பார்த்ததில்லை. கம்பெனிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, வாடிக்கையாளர் யார் என்ற இரண்டு விஷயங்கள்தான் ஊரின் குணத்தைச் செய்திருக்கின்றன.

கோவைக்குத் துறைமுகம் கிடையாது, தலைமைச் செயலகம் கிடையாது. கரிசல் மண், பருத்தி, ஆழமான கிணறு, அவ்வளவுதான். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையை ஊரின் முதல் மில் என்பார்கள். ஆனால் மில்கள் சரசரவென்று பெருகியது 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான். மின்சாரம் வந்ததும் பருத்தி விளைவித்த குடும்பங்களும் பருத்தி வியாபாரம் செய்த குடும்பங்களும் மில்லில் பணம் போட்டன. மில் வந்தால் அதற்கு ஸ்பேர் வேண்டும், ஸ்பேருக்கு வார்ப்பு வேண்டும், வார்ப்பைக் கடைய லேத் வேண்டும். இன்னொரு பக்கம், மழை குறைந்த ஊர், கிணற்றில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கிறது, மின்சாரம் வயல்வரை வந்துவிட்டது. அப்போது விவசாயிக்கு மோட்டாரும் பம்பும் வேண்டும். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் 1937-ல் செய்த மோட்டார்தான் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது. அந்த ஜி.டி.நாயுடு தொழிலுக்கு வந்ததே 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்து, உங்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டித்தான். பிற்பாடு மாவு அரைக்கும் கிரைண்டரும் இதே பட்டறைகளிலிருந்து வந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மோட்டார் வாங்குகிறவரும் மோட்டார் செய்கிறவரும் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள் என்பது. விவசாயி நேராகப் பட்டறைக்கு வந்து "போன தடவை வாங்கினது சூடாகுதுங்க" என்று சொல்லுவார். நடுவில் கடிதம் கிடையாது, ஆடிட்டர் கிடையாது. அவர் சொன்னதை வைத்து முதலாளி மோட்டாரின் கம்பிச் சுற்றை, வைண்டிங்கை மாற்றுவார். முதல் போட்டவர், வடிவமைத்தவர், விற்றவர், திட்டு வாங்கியவர் எல்லாம் ஒரே மனிதர். அந்தப் பழக்கம் இன்றும் ஊரின் எலும்பில் இருக்கிறது.

சென்னையின் கதை கோட்டையிலிருந்து தொடங்குகிறது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கால்வைத்த நாள் முதல் அது கணக்கும் கோப்பும் எழுதிய ஊர். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய சர்வே பள்ளி. நிலத்தை அளக்க ஆள் வேண்டும் என்று அரசு ஆரம்பித்தது. கோவையில் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நால்வர் 1926-ல் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு வைத்தார்கள். அதோடு வந்தது ஒரு தொழிற்பட்டறை. பொறியியல் கல்லூரி 1951-ல்தான். அந்தப் பட்டறையில் பம்பும் மோட்டாரும் லேத்தும் செய்தார்கள். பி.எஸ்.ஜி. டெக்கில் சாண்ட்விச் படிப்பு என்று ஐந்து வருடப் படிப்பு உண்டு. வகுப்புக்குப் போவதோடு பட்டறையிலும் நின்று வேலை செய்துகொண்டே படிக்க வேண்டும். ஒரு ஊரில் அரசுக்கு ஆள் வேண்டியிருந்தது, இன்னொரு ஊரில் பட்டறைக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்த பெரிய ஆலைகளைப் பாருங்கள். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955, மத்திய அரசுடையது, சுவிட்சர்லாந்தின் நுட்ப உதவியோடு. எண்ணூரில் அசோக் லேலண்ட், இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்தது. பாடியில் 1960-களின் தொடக்கத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன். 1996-ல் வந்த ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்தது. ஃபோர்டு மறைமலைநகருக்கு வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான். ஒவ்வொன்றிலும் எங்கோ தொலைவில் ஒரு தலைமை அலுவலகமோ கூட்டாளியோ இருந்தார்கள். அங்கிருப்பவர் இங்கே நடப்பதை நேரில் பார்க்க முடியாது, அதனால் எல்லாம் தாளில் வர வேண்டும். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசு வாங்கியது. அதைப் பார்த்து அம்பத்தூரில் சின்னச் சின்ன சப்ளையர்கள் கூட 5எஸ், கைசன் என்று ஜப்பானிய ஒழுங்கு முறைகளின் பலகை மாட்ட ஆரம்பித்தார்கள். உங்களுக்கு இது பழகிப்போன காற்று. கோவையில் வேறு காற்று.

இந்த இரண்டு காற்றும் வேலை கற்றுக்கொள்வதை எப்படி மாற்றுகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு நெருக்கமானது இதுதான். கோவையில் ஒருமுறை பம்பின் வெளிக்கூடான கேசிங்கில் தொடர்ந்து புளோ ஹோல் என்கிற காற்று ஓட்டை வந்தது. பத்துக் கேசிங்கில் மூன்று கழிந்தது. நான் அதில் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த ஃபவுண்டரிக்கு நடந்தே போனேன். வார்ப்புக்கு மண் அச்சு போடும் மோல்டர் கையில் கொடுத்தேன். அவர் ஓட்டை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மண்ணுல ஈரம் ஜாஸ்தி, காத்து போற வென்ட்டும் பத்தல" என்றார். பக்கத்தில் நின்றே இரண்டு மோல்டு போட்டோம், உருக்கி ஊற்றினோம், ஆறவைத்து உடைத்தோம். சாயங்காலம் நல்ல கேசிங் என் கையில். அன்றைக்கு நான் கற்ற வார்ப்பை எந்த வகுப்பிலும் கற்றதில்லை. ஆனால் நாங்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அந்த மோல்டர் ஊருக்குப் போயிருந்த சமயம் அதே ஓட்டை திரும்ப வந்தது.

அம்பத்தூரில் இதே மாதிரி ஓட்டை ஓர் அலுமினிய பாகத்தில் வந்தது. வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்த அன்றே குறையின் காரணத்தைத் தேடும் 8டி படிவம் திறந்தாயிற்று. ஐந்து பேர் உட்கார்ந்து, ஏன், ஏன், ஏன் என்று கேட்டுக் கேட்டு, உலோகம் ஊற்றும் அச்சான டையின் ஒரு மூலையில் காற்று சிக்குவதைக் கண்டுபிடித்தோம். வரைபடம் மாற்றி, டை மாற்றி, சோதனை எண்ணிக்கை எடுத்து, வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்குவதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. அந்த ஐந்து வாரமும் எனக்குப் பொறுமை போய்க்கொண்டே இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் நான் அந்த நிறுவனத்தை விடும்வரை அந்தப் பிரச்சினை திரும்ப வரவே இல்லை. அதே மாதிரியான டைகளில் செய்யப்பட்ட இன்னும் இரண்டு பாகங்களுக்கும் அந்தத் திருத்தத்தைப் போட்டோம். இது கோவையில் எனக்கு யாரும் கற்றுத் தராதது.

ஆகவே "தேங்கிவிடுவாய்" என்பதற்கு என் நேரடியான பதில்: கோவையில் கற்றுக்கொள்வது நிற்காது, இன்னும் சொல்லப்போனால் அகலமாகும். ஒரகடத்தில் நீங்கள் ஒரு பாகத்தின் ஒரு கட்டத்தைப் பார்க்கிறவர். கோவையின் நடுத்தரக் கம்பெனியில் வார்ப்பு, மெஷினிங், வைண்டிங், அசெம்ப்ளி, டெஸ்டிங், டீலர் புகார் வரைக்கும் உங்கள் மேஜைக்கு வரும். எனக்கு இதில் சந்தேகமில்லை. ஆனால் கற்றுக்கொள்வது வேறு, பதவி ஏறுவது வேறு. உங்கள் நண்பர்கள் சொல்வதில் இருக்கிற நியாயத்தை அங்கேதான் பார்க்க வேண்டும்.

கோவையின் நடுத்தரக் கம்பெனிகளில் பெரும்பாலானவை குடும்பத்துடையவை. உற்பத்தி மேலாளர் வரைக்கும் திறமைக்கு வழி திறந்திருக்கும். அதற்கு மேலே முதலாளியின் மகனோ மருமகனோ வருவார், இப்போது மகளும் வருகிறார். அவர் நன்றாகப் படித்தவராக, நல்லவராகக் கூட இருப்பார், ஆனால் அந்த நாற்காலி உங்களுக்கு வராது. சென்னையின் பெரிய வாகன உதிரிபாகக் குழுமங்களும் குடும்பங்கள் தொடங்கியவைதான் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் அவை வெளிநாட்டுக் கூட்டாளிகளோடும் பங்குச் சந்தையோடும் பல தலைமுறை வாழ்ந்து, சம்பளத்துக்கு வரும் மேலாளர்களிடம் முழு ஆலையை ஒப்படைக்கப் பழகிவிட்டன. கோவையிலும் நூற்பாலை இயந்திரம் செய்யும் எல்எம்டபிள்யூ மாதிரிப் பெரிய நிறுவனங்கள் 1960-களிலேயே அந்தப் பாதையில் போனவை. நடுத்தரக் கம்பெனிகள் இப்போதுதான் அங்கே நகர்கின்றன. எவ்வளவு வேகமாக என்பதை நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோவையில் ஜாப் ஆர்டர், கடன், இடம், இரண்டாம் கை மெஷின் எல்லாமே அறிமுகத்தின் வழியாகத்தான் நகரும். அந்த அறிமுக வலை பெரும்பாலும் ஊர், உறவு, சாதி வழியாகப் பின்னப்பட்டது. அந்த வலைக்குள் பிறந்தவருக்கு ஊர் தாய்வீடு. வெளியே பிறந்தவருக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும், முதல் பத்து வருடம் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். என்னோடு இருந்த ஒரு நண்பர், அருமையான டூல் மேக்கர், வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். தனிப் பட்டறை போட்டு இரண்டு வருடத்தில் மூடிவிட்டார். வேலையில் குறை சொன்னவர் யாரும் இல்லை. நாற்பத்தைந்து நாளில் வர வேண்டிய பணம் ஆறு மாதமாகியும் வராதபோது, அவருக்காகப் போய்ப் பேச ஊரில் ஒரு பெரியவர் இல்லை. சென்னையில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெரிய நிறுவனத்தின் தாள் வழி நடைமுறை, குறைந்தபட்சம் பணம் வாங்குவதிலும் பதவி உயர்விலும், அறிமுகமில்லாதவனுக்கு ஒரு பிடிமானம் கொடுக்கிறது. எனக்கு அது கொடுத்தது. இதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் எல்லாவற்றிலும் ஒரு 'ங்க' இருக்கும், டீக்கடைக்காரர் முதல் முதலாளி வரை. புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, இங்கே மேல் கீழ் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மரியாதைப் பேச்சு வேறு, முடிவெடுக்கும் அதிகாரம் வேறு. "பார்த்துச் செஞ்சுக்கலாங்க" என்று முதலாளி சொன்னால் பெரும்பாலும் அதற்கு 'இல்லை' என்று பொருள். உங்களுக்குக் கொங்குப் பேச்சு தாய்மொழி என்பதால் இது சொல்லாமலே புரியும். ஒரகடத்தில் 'இல்லை' என்பது மெயிலில் வந்துவிடும்.

"கோவையில் சங்கம் கிடையாது, சென்னையில்தான் போராட்டம்" என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. சென்னையில் 1918-ல் பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றோர் முன்நின்று தொடங்கிய மதராஸ் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக எண்ணப்படுவது உண்மை. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்ததும் உண்மை. ஆனால் 1946 ஜனவரியில் கோவைச் சிறையில் சங்கத்தில் இருந்த சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நினைவு மில் பகுதிகளில் இன்னும் அழியவில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் கூலி உயர்வுக்காக விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்துவது இன்றும் நடக்கிறது. சிறு பட்டறையில் சங்கம் இல்லை என்பது மட்டும் சரி. அங்கே வேலை பார்ப்பவருக்கு முதலாளியின் நல்ல மனசைத் தவிர வேறு காப்பு குறைவு. நீங்கள் போகிற இடத்தில் பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

பெரிய கம்பெனி என்றால் நிலையானது என்ற நம்பிக்கையைப் பற்றியும் யோசியுங்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கானவர்களுக்கு முதல் சம்பளம் கொடுத்தது, 2014-ல் மூடியது. 2021-ல் ஃபோர்டு கிளம்புவதாக அறிவித்தது, 2022-ல் மறைமலைநகரில் கடைசிக் காரும் வெளியே வந்துவிட்டது. இரண்டு தடவையும், தீர்மானம் எடுத்த இடம் கடல் கடந்து இருந்தது. கோவை இப்படி ஒரே நாளில் மூடாது. ஆனால் மெல்ல மெல்ல இளைக்கும். 2008-ல் தொடங்கிச் சில வருடங்கள் நீடித்த மின்வெட்டில், ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத சிறு பட்டறைகள் நாளுக்குப் பாதி நேரம் இருட்டில் கிடந்தன. நான் சென்னைக்குக் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். இரும்பு, செம்பு விலை ஏறும்போதெல்லாம் முதலில் மூச்சுத் திணறுவதும் ஜாப் ஆர்டர் பட்டறைகள்தான். எந்த ஊரில் வேலை பாதுகாப்பு அதிகம் என்று கேட்டால், என் அனுபவத்தை வைத்து ஒரு பக்கம் சாய என்னால் முடியவில்லை.

உங்கள் மனைவியின் வேலை விஷயத்தை நீங்கள் அரை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அது உறுத்துகிறது. சரவணம்பட்டி, பீளமேடு டைடல் பார்க் பக்கம் ஐடி நிறுவனங்கள் வந்துவிட்டன என்பது நிச்சயம். ஆனால் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு இடம் பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொன்று கிடைக்கும். கோவையில் அந்த வசதி குறைவு என்றுதான் அங்கே இருக்கும் என் அக்கா மகள் சொல்கிறாள். ஐந்நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வீடு வைத்தால் கால் பங்கு சம்பளக் குறைப்பு, செலவோடு சேர்ந்து அரைப் பங்குக் குறைப்பாகிவிடும். உங்கள் மனைவியின் வேலைக்கு வழி தெரிந்த பிறகு உங்கள் வேலை உத்தரவுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். 'குடும்பத்துக்காக ஊருக்குப் போகிறோம்' என்று சொல்லிவிட்டு மனைவியின் படிப்பை வீட்டில் உட்காரவைத்த பல நண்பர்களை எனக்குத் தெரியும்.

நேரத்தைப் பொறுத்தவரை கோவை தாராளமாகத் திருப்பித் தரும். அம்பத்தூரிலிருந்து ஒரகடத்து வாடிக்கையாளர் ஆலைக்குப் போய்வர எனக்கு ஒரு நாளில் மூன்றரை மணி நேரம் போகும். கோவையில் பீளமேட்டிலிருந்து அரசூருக்கு அரை மணி. மிச்சமான அந்த நேரத்தில்தான் நான் டிராயிங் படிக்கவும் மகனுக்கு சைக்கிள் கற்றுத் தரவும் முடிந்தது.

என் கருத்து என்னவென்று நேராகக் கேட்டால்: உங்களுக்கு நாற்பது வயதுக்குள் எப்போதாவது சொந்தமாக ஒரு மெஷினாவது போட வேண்டும் என்ற ஆசை இருந்தால், கோவைக்கு வாருங்கள். ஒரகடத்தில் கற்ற தாள் ஒழுங்கோடு கோவைப் பட்டறைக்குள் நுழைகிறவர் இன்றைக்குக் குறைவு. ஏற்றுமதி ஆர்டர் கேட்கும் பம்ப் கம்பெனிகளுக்கு அப்படி ஒருவர் கட்டாயம் தேவை. அநேகமாக அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள், அதைத் தெரிந்துகொண்டு சம்பளம் பேசுங்கள். சொந்தத் தொழில் ஆசை இல்லை, ஒரு பெரிய ஆலையின் தலைமைப் பொறுப்புக்கு ஏற வேண்டும் என்பதுதான் கனவு என்றால், இன்னும் ஐந்து வருடமாவது சென்னையில் இருங்கள். ஊர்ப் பாசம் ஒன்றை மட்டும் வைத்துக் கிளம்பி வந்த சிலர் இரண்டே வருடத்தில் ஒரகடத்துக்கே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

முடிவெடுக்கும் முன் ஒருநாள் லீவு போட்டு அந்தக் கம்பெனிக்கு நேரில் வாருங்கள். முதலாளியிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இப்போதைய சப்ளையர்களில் எத்தனை பேர் முன்பு அங்கேயே வேலை பார்த்தவர்கள்? நிறைய என்றால், விட்டுப் போனவரைப் பகையாக நினைக்காத இடம் அது. கடந்த ஐந்து வருடத்தில் குடும்பத்துக்கு வெளியே இருந்து யாரை மேலே ஏற்றினார்கள்? பெயரோடு பதில் வர வேண்டும். தரப் பிரிவு ஒரு வார்ப்பை வேண்டாம் என்று ஒதுக்கினால், மாதக் கடைசியில் அதை அனுப்பச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்துத் தயங்கினால், நீங்களும் யோசியுங்கள். அப்புறம் வெளியே வந்து, அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஏதாவது ஒரு பட்டறைக்குப் போய், "பணம் நாள் தவறாம வருதுங்களா?" என்று விசாரியுங்கள். உள்ளே கிடைக்காத உண்மை அங்கே ஒரு டீ நேரத்தில் கிடைக்கும். சனிக்கிழமை வாருங்கள், கூலி போடும் நாள் என்பதால் பட்டறைக்காரர்கள் எல்லோரும் இடத்தில் இருப்பார்கள்.